இரண்டு முறம் தவிடு

வண்டன்மேடு
12.8.1974

அன்பு மகள் சிசிலிக்கு அப்பா எழுதுவது. தேவமாதா உனக்குத் துணையிருப்பாளாக. இங்கே மழைக்குக் குறைவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. முழங்காலிட்டு ஜெபிப்பதை மட்டும் குறைப்பதாக இல்லை.

சித்தூர்ப் பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை தருமுன், நீ இந்தியப் பிரஜைதானா என்று விசாரிக்க ஓர் ஆபீசர் வந்திருந்தார். நீ இந்த எஸ்டேட் லயத்திலேயே பிறந்தாய் என்று சொல்லும்படி எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தேன். அம்மா அந்தப் பொய்க்காக முன்கூட்டியே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டாள்.

ஆனால் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிக்கு உன்மேல் பாசம் அதிகம். "இங்கயா பொறந்துச்சு? சிலோன்ல பொறந்த புள்ள சார் அது! பெத்தவுக ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக. சூசையண்ணன்தான் கப்பலேறிப் போயி மடியில வச்சுக் கொண்டாந்தாரு. இவுகளுக்கு முந்தின ரெண்டு புள்ளயும் தங்கல. இதாவது தங்கட்டும்னு நான் கையில வாங்கிக்கிட்டு, இவுகளுக்கே தவிட்டுக்குத் திருப்பி வித்தேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

ஆபீசர் சிரித்தார். தன்னையும் தவிடு கொடுத்து வாங்கியதாகத் தன் அம்மா சொல்வதுண்டு, ஆனால் தனக்கு ஜனன சர்ட்டிபிகேட் இருக்கிறது என்றார். பிறகு, வெளிநாட்டுக் குழந்தை, விலை ஒரு முறம் தவிடு என்று எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ரெண்டு மொறம் சார். எம் புள்ளய அம்புட்டு மலிவா எழுதாதீங்க" என்றாள். அவரும் திருத்திக்கொண்டார்.

ஆக, நீ சிலோன்காரி. சிலோனில் கேட்டால், உன் தாத்தா இங்கிருந்து போனவர், அதனால் நீ இந்தியாக்காரி என்கிறார்கள். இரண்டு சர்க்கார்கள் இவ்வளவு மரியாதையாக விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

நீ எழுதிய அந்த ஒரு வழிதான் உண்டாம். நீ வெளிநாட்டவள் என்று ஒப்புக்கொண்டு குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். அதில் தகப்பன் பெயராக உன்னைப் பெற்றவர் பெயரைத்தான் எழுத வேண்டும். நாங்கள் வெறும் கார்டியன். அப்படியானால் கையெழுத்தே போடமாட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். போடாவிட்டால் சிலோனுக்கு அனுப்பிவிடக்கூடும் என்று ஆபீசர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மகளே, போட்டுவிடு. உன்னைப் பெற்ற சுவக்கீன் என் சிநேகிதன். அவனுக்கு ஒரு மகள் உண்டு என்று எந்த சர்க்காரிலும் எழுத்தில்லை. அந்த இடத்தை அவனுக்குக் கொடு. நீ என்னை அப்பா என்று கூப்பிடுவதற்கு யாரும் மனுக் கேட்கப்போவதில்லை.

ஆபீசர் வந்துபோனதிலிருந்து, வீட்டில் யாரும் கப்பல் என்று சொல்லக்கூடாது என்கிறாள் அம்மா. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். கையெழுத்துப் போட்டதாக ஒரு வரி எழுதிப்போடு, மகளே.

உன் அப்பா,
சூசையப்பன்