ஆலாக் கரைக்குப் போற வழி

கிங்ஸ்பரி, லண்டன்
12 ஆனி 2007

அன்பு மருமகளுக்கு,

ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்றைச் சத்தியம் பண்ணிச் சொல்லப்போறன்.

லண்டன் மினிகாப் ஓட்டிகளின் சக்கரவர்த்தியாகிய உன் மாமன், நீ கூட்டிப்போய்க் காட்டின, ஆலா என்கிற கடற்குருவிகளின் கரையைப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதினார். “மாமா, இதை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. பாதிக் கரையைக் கடல் திண்டிட்டுது. மிச்சக் கல்லுகளிலதான் முட்டையிடுதுகள்” என்று நீ கெஞ்சினாய். அதனாலதான் ஒவ்வொரு ஆலாவும் டபுள் டெக்கர் பஸ் அளவு, முட்டைக்குள் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம் என்று கதை அளந்தார். எவன் நம்புவான்?

எவனும் நம்பேல்லை. ஆனால் போன ஞாயிறு அங்கே முப்பது கார் வந்து நின்றதாம். உன் அம்மா சொன்னா.

பதிவை அழிச்சிட்டன். அதுக்குள்ள ஆக்கள் படியெடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டினம்.

நாலு நாளாய் நீ போன் எடுக்கேல்லை. முட்டைகள் தப்பினதோ, தாய்க்குருவிகள் திரும்பினதோ தெரியாமல், லண்டனின் மேற்கு மூலையில் சவுத்தாலுக்கு ஏத்தின ஆளை நேற்று கிழக்கு மூலையில் இல்ஃபோர்டில் இறக்கிவிட்டன்.

குருவி புளுகு, முட்டை புளுகு, பிள்ளை. ஆனால் இருபது வருசம் கார் ஓட்டினவனுக்கு வழியைப் பிழையாய் எழுதக் கை வரேல்லை. கரைக்குப் போற வழி மட்டும், ஒவ்வொரு திருப்பமும், உண்மை.

போனுக்குப் பக்கத்திலேயே இருக்கும்,
உன் மாமா