கேட்டது பெரிய மானிட்டர்

நேற்று உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன், அக்கா. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிடலாம், ஒருமுறை துடைத்துக் கொடு என்று மச்சான் உங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் தூசியோடு தைல வாடை அடித்தது. தலைவலி என்று நெற்றியில் தடவிக்கொள்வாயே, அந்தத் தைலம். உள்ளே கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. அன்றைக்கு நான் வாங்கவைத்தது, இன்னும் அப்படியே.

கல்யாணப் பத்திரிகையும் சர்ச் செய்தி மடலும் வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது, பார்ட்ஸ் லிஸ்ட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. நம் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே. நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"மானிட்டர் மட்டும் பெருசா போடுடா. கண்ணு முன்ன மாதிரி இல்ல. மிச்சமெல்லாம் உன் இஷ்டம்."

அப்போது நான் காக்ஸ் டவுனில் இரண்டு பேரோடு ஒரே அறையில் இருந்தேன். ஆபீஸ் லேப்டாப்பில் கேம் விளையாட முடியாது. ஞாயிறுதோறும் உன் வீட்டில்தான் சாப்பாடு. அங்கேயே கார் பந்தயமும் ஓட்டலாமே என்று புத்தி போயிற்று. அந்த மாதிரி கேம் ஓடத்தான் கிராஃபிக்ஸ் கார்டு; விலை கூடிய நல்ல கார்டாக ஒன்றை லிஸ்டில் எழுதினேன். பட்ஜெட் இடித்தது. பெரிய மானிட்டரை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டு, ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட சின்னது ஒன்றை எழுதினேன்.

எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் நீ லிஸ்டில் விரல் வைத்துக் கேட்டாய். "இது எதுக்குடா?"

"தமிழ் எழுத்து தெளிவா வரணும்னா இது இல்லாம முடியாதுக்கா."

கூசாமல் பொய் சொன்னேன். கடைக்காரர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு பில் போட்டார். நீ ஆட்டோக்காரரிடம்கூடக் கன்னடம் கலந்து பெருமை அடித்துக்கொண்டாய். "என் தம்பி பாத்துப் பாத்து எடுத்தது, ஸ்வல்ப மெதுவா போங்கண்ணா."

அதற்கப்புறம் எத்தனை ஞாயிறு! நான் வந்ததும் பாதி வேலையில் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுப்பாய். மற்ற நாளெல்லாம் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து எழுத்துக்கூட்டிப் பார்ப்பாய். ஒருமுறை மணப்பெண் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போய், அச்சான பத்திரிகை அத்தனையும் வீணாயிற்று. "வயசாச்சுடா, கண்ணு ஏமாத்துது" என்று உன்னையே நொந்துகொண்டாய். நான் அதைக் கேட்டுக்கொண்டே தட்டில் கறித்துண்டு தேடிக்கொண்டிருந்தேன். சீ, நானும் ஒரு தம்பி.

நேற்று மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அது அவளுக்குத் தெரியுமேப்பா" என்றார். "ரிப்பேருக்கு வந்தவர் அப்பவே சொன்னார், டைப்பிங்குக்கு எதுக்கு மேடம் இது, வித்துட்டுப் பெரிய மானிட்டரா வாங்குங்கன்னு. இவதான் கேக்கல. இருக்கட்டும், அதை எடுத்துட்டா தம்பி ஞாயித்துக்கிழமை வரமாட்டான்னுட்டா."

கார்டு இல்லாவிட்டாலும் வந்திருப்பேன் மச்சான் என்று சொல்ல வாயெடுத்தேன். கழற்றிய தகட்டை எடுத்துத் திருப்பி மாட்டினேன். இன்றைக்கும் சொல்லாத அந்த வார்த்தையைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், அக்கா. வந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.