நான் சொன்ன இரண்டும் நீங்கள் எழுதிய ஏழும்

சாயங்காலம் ஆறு மணியானால் போன் கத்துகிறது. இன்றைக்கு வலி எத்தனை என்று கேட்கிறது. நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிவிட்டது, அதற்கு அதெல்லாம் தெரியாது. ஒரு நாளாவது விடுகிறதா, சனியன்.

முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து சுமந்த முதுகு. இரண்டு ஆபரேஷனுக்கும் அடங்கவில்லை. கடைசியில் இடுப்புக்கு மேலே தோலுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்து, அதன் கம்பியைத் தண்டுவடம் வரை கொண்டுபோனார்கள். அது வலியை எடுத்துவிடாது, பாதியை மரமரப்பாக மாற்றும், அவ்வளவுதான். அதைக் கூட்டவும் குறைக்கவும் போனில் ஒரு ஆப். தினமும் அதில் பத்துக்குள் ஒரு எண்ணைப் போட வேண்டும், எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் போனைக் கண்டாலே எரிச்சல். அதனால் அது உங்கள் வேலையாயிற்று.

ஃபாக்டரியிலிருந்து வந்து, கை கழுவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எத்தன புள்ள?" என்பீர்கள். நான் இரண்டு என்பேன். மிஞ்சிப்போனால் மூன்று. நெசமாவா என்று இன்னொரு தடவை கேட்பீர்கள், நான் எரிந்து விழுவேன்.

"சரி சரி, நீ சொல்றததான் போடுறேன்" என்று அந்தத் தடித்த விரலால் அமுக்குவீர்கள்.

குறைத்துச் சொல்வது என் வாய்க்குப் பழகிப்போனது. காலையில் பேர் பதியும்போது வலி என்று வாயைத் திறந்தால், கங்காணி பேரை வெட்டி லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைய வேலை போச்சு. எங்கள் மலையில் எந்தப் பொம்பளையும் வலியைப் பாதிக்கு மேல் சொன்னதில்லை. பிரசவ வலியையே லேசாக இருக்கிறது என்றுதான் சொன்னோம்.

நீங்கள் போனபிறகு எண் போட மட்டும் கற்றுக்கொண்டேன். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கருவியைப் பார்க்கிற மலையாளத்துப் பெண் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினாள். ஒரு வருஷத்துக்கு ஏழிலும் எட்டிலும் ஓடிய கோடு, நான்கு மாதத்துக்கு முன்னால் பொத்தென்று கீழே விழுந்து கிடந்தது. "அம்மச்சி, வலி நல்லோணம் குறைஞ்சல்லோ" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கருவியின் வேகத்தையும் குறைத்து வைத்தாள்.

ஏழு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மாதா கோயிலில் வேதம் வாசிக்கிற மனுஷன், தினம் ஆறு மணிக்கு நான் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதியிருக்கிறீர்கள். குழாயடியிலிருந்து வரும் வழியில் குடத்தை எத்தனை தடவை இறக்கி வைத்தேன், கட்டிலிலிருந்து எப்படி எழுந்தேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். முதலில் கோபம்தான் வந்தது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குணமான சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவள் குறைத்து வைத்த கருவியோடேயே கிளம்பி வந்தேன்.

மூணாறிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியபோது காலை ஊன்ற முடியவில்லை. மூன்று நாள் படுத்தே கிடந்தேன். அப்போதும் மூன்றுதான் போட்டேன், பாருங்களேன் என் திமிரை.

நேற்று ஆறு மணிக்கு எட்டு என்று அமுக்கினேன். பேரை வெட்டிவிடுவார்களோ என்று அந்தப் பழைய பயம். அமுக்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இன்று காலையிலேயே அந்தப் பெண் கூப்பிட்டாள். ஒரே நாளில் மூணு எப்படி எட்டாச்சு, விழுந்துட்டீங்களா என்று பதறினாள்.

"விழவெல்லாம் இல்ல தாயி" என்றேன். "வலி எப்பவும் உள்ளதுதான். முன்ன அதச் சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆள் இருந்தாரு. இப்பத்தான் நானே சொல்லப் பழகுறேன்."