நாலு மணி போன்

அதனால்தான் கேட்கிறேன், என் கண்ணே வித்யா, சாயங்காலம் நாலு மணிக்கு நம் வீட்டுப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது நீதானே? உயிரோடு இருந்தபோது ஊர்க்கோடியில் இருக்கிற கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் ஆபீசிலிருந்து அதே நேரத்துக்குத்தான் கூப்பிடுவாய். "அத்தை, அம்மு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா? பால் குடிச்சாளா?" இந்த ரெண்டு கேள்விக்கு நான் கால் மணி நேரம் பதில் சொல்வேன். "அத்தை, மீட்டிங் இருக்கு, வெச்சுடட்டுமா?" என்று கெஞ்சுவாய்.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நவராத்திரி முடிந்த வாரம் போன் முதல் தடவை அடித்தது. எடுத்தேன். பேச்சில்லை, மூச்சு மட்டும். மறுநாளும் அதே நேரம். அப்புறம் தினமும். சனி, ஞாயிறு மட்டும் கிடையாது. உனக்கு லீவு நாள் அல்லவா?

நம் கரமனை வீட்டுப் பழைய போனில் கூப்பிடுகிறவர் நம்பர் தெரியாது. எதிர்வீட்டு ஜயா மாமியிடம் சொன்னேன். "கோமு, உன்னைக் கூப்பிட்டுட்டு எவனால வாயைத் திறக்க முடியும்? நீ விட்டாத்தானே!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் ஹரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி பிள்ளை, நான் வளர்த்தவன். முதல் கல்யாணம் முறிந்து, கையில் பெண் குழந்தையோடு இருக்கிறவள் வேண்டாமடா என்று அவனிடம் ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். ஆனால் உங்கள் இரண்டு பேரோடும் இருந்த அந்த இரண்டு வருஷம் சிரித்த மாதிரி அவன் என்னிடம் சிரித்ததே இல்லை.

இப்போதும் காலையில் ஆப்பிளைச் சின்னச் சின்னதாக நறுக்கி அம்முவின் டப்பாவில் போட்டு வைக்கிறான். சாயங்காலம் வந்து, கறுத்துப்போன துண்டுகளை நின்றபடியே அவனே தின்கிறான். ஸ்கூல் வேன் நம் வாசலில் இன்னும் வேகம் குறைக்கிறது. "மோள் எப்போ வரும், மாமி?" என்று மலையாளத்து டிரைவர் குழந்தையைக் கேட்டான் ஒரு நாள். ஹரி காதில் விழுந்துவிட்டது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான்.

"அத்தை, ஒருத்தி போயிட்டா, அதுக்கு அழலாம். இன்னொருத்தி இருக்காளே, அதுக்கு என்ன பண்றது? நான் அம்முவுக்கு யாரு? ஒரு பேப்பர்லயும் என் பேர் இல்லையே" என்றான்.

என்மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

உனக்கு இது தெரியுமோ தெரியாதோ. நீ போன இரண்டாம் நாள் அம்முவைப் பெற்ற அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்தார். நான்தான் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். "வேற கோத்திரத்துக் குழந்தை. காரியம் நடக்கற ஆத்துல எதுக்கு? பதிமூணு நாள் அழைச்சுண்டு போங்கோ. காரியம் முடிஞ்சு சுபத்தன்னிக்குக் கொண்டுவந்து விட்டுடுங்கோ." ஹரி ஈர வேஷ்டியோடு, காரியம் பண்ணிவைக்கிற வாத்தியார் முன்னால் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்க முடியாது. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். நான் குழந்தையின் பையில் கவுனை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பதிமூன்றாம் நாள் அம்முவுக்கு ஒரு சின்ன இலை போட்டேன். பாயசம் ஆறி ஆடை கட்டியது. யாரும் வரவில்லை. போன் பண்ணினால், "எங்க குழந்தை, எங்ககிட்டயே வளரட்டும்." அதற்கப்புறம் ஹரி கூப்பிட்டால் எடுப்பதே இல்லை.

வாத்தியார் சொல்லி நான் குழந்தையை அனுப்பவில்லை, வித்யா. நானே சொன்னேன். கோத்திரம் கோத்திரம் என்று இரண்டு வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை அன்றைக்குச் சாஸ்திரம் மாதிரி வெளியே விட்டேன்.

அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தால் எனக்கு எப்படி இருக்கும்? அம்மு வந்துட்டாளா என்று நீ கேட்கத்தான் கூப்பிடுகிறாய். என்ன பதில் சொல்வேன்? ரிசீவரில் திருநீறு பூசினேன். ராம ராம என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். கடைசியில் வாத்தியாரிடம் கேட்டேன். "பயப்படாதேங்கோ. நல்லபடியாப் போயிடுன்னு வாயால விடை குடுத்துடுங்கோ" என்றார்.

போன வியாழக்கிழமை விடை கொடுத்தேன். "போயிடும்மா. இனிமே இங்க கூப்பிடாதே. உனக்கு இங்க யாரும் இல்லை, கேட்டியா?" என்றேன். அந்தப் பக்கம் யாரோ எச்சில் விழுங்கின மாதிரி ஒரு சத்தம். பிறகு வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது. நாலு மணிக்கு ஜபமாலையோடு போன் பக்கத்தில் உட்கார்கிறேன். மணி உருளுகிறது, நாமம் வரவில்லை. கோபமா என்மேல்?

இன்று காலை ஹரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கழுவி வைத்தான். பிறகு, "வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போலாம், அத்தை. துரத்தினா வாசல்லயே நிப்போம். ஆனா நீ அங்க வந்து தொணதொணக்கக் கூடாது" என்றான். "நான் பேசாம யாருடா பேசறது?" என்றேன். உதட்டோரம் கொஞ்சம் சிரித்தான். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த மனுஷர் முன்னால், அனுப்பினது என் தப்பு, இவன் தப்பில்லை என்று சொல்வேன். காலில் விழ வேண்டுமானால் விழுவேன். லீவுக்காவது குழந்தையை இவன் கண்ணில் காட்டச் சொல்வேன். அம்மு வந்துட்டாள், பால் குடிச்சாள் என்று உனக்குச் சொல்லாமல் நான் கண்ணை மூட மாட்டேன்.

ஹரிக்கும் உனக்கும் அத்தை,
அம்முவுக்கு அத்தைப்பாட்டி,
கோமு

கையெழுத்துப் போட்டுவிட்டு விளக்கேற்றப் போனேன், வித்யா. திரியைத் தூண்டும்போதுதான் ஞாபகம் வருகிறது. தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று இந்த வீட்டுப் போன் நம்பரை, ஊர்க் கோடு நம்பரோடு சேர்த்து, நீ அம்முவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய். ஸ்லோகம் முடிந்ததும் அதே ராகத்தில் நம்பரையும் சொல்லுவாள். "சாமி முன்னாடி போன் நம்பரா?" என்று அதட்டுவேன். ஒரு எண் தப்பினதில்லை. ஆனால் போனை மட்டும் கையில் கொடுத்தால் பேசவே மாட்டாள். காதில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள்.