வசன எண் இல்லாத வரி

ஜோகுபாளையம்,
பெங்களூர்.
11.10.2025, சனிக்கிழமை

ஆண்டவருக்குள் அருமையான தங்கை டோரீனுக்கு,

உன் ஜோசி அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் டென்சிலும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மகள் ஜூலியாவும் அவள் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே புகுந்து "பரவால்ல விடுங்கக்கா" என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? உல்சூர் மார்க்கெட்டில் அழுகின தக்காளியைத் தலையில் கட்டினாலும் பரவால்ல என்று வாங்கி வருகிறவள் நீ. இந்த விஷயத்தை முழுசாகக் கேட்ட பிறகுதான் நீ எதுவும் சொல்ல வேண்டும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

முதலில் ஊர்ச் சேதி. உன் வீட்டில் குடியிருக்கிறவர்கள் நல்ல மாதிரி. பக்கத்து வீடுதானே, மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். ஊற்றுகிறார்கள். பத்து நாளாக சாயங்காலமானால் மழை, ஓல்ட் மெட்ராஸ் ரோடில் முழங்கால் தண்ணீர். பெண்கள் ஐக்கியத்தில் இந்த வருஷமும் என்னையே காரியதரிசியாகப் போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மரியாவின் பிள்ளைக்கு இரண்டு பல் வந்துவிட்டது. மாப்பிள்ளை டெரிக் இருக்கிறானே, அவனை ஒரே கடி.

பார், பேச்சை வளர்க்கிறேன். கல் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொன்னபடி செவ்வாய்க்கிழமை பெருமாள்சாமியைப் போய்ப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கல் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர்தான். கறுப்புக் கல், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. டிரேவர் பெயர், பிறந்த தேதி, 16.11.2023 என்று இறந்த தேதி, எல்லாம் வெட்டியாயிற்று. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவியே பார்த்தேன். உன் பிள்ளை பெயரை மட்டும் இன்னொரு தடவை தடவினேன். கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார். நீ அனுப்பின வரியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"நித்தியம் முழுவதும் காண்பாய், நிமிடங்களை ஏன் கேட்கிறாய்?"

பெருமாள்சாமி இரண்டு தடவை வாசித்தார். நல்லாயிருக்கு என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "கீழ நம்பர் எழுதலையேம்மா? எந்த அதிகாரம், எந்த வசனம்னு போடணுமே. உங்க ஆளுங்க கல்லுல நம்பர் இல்லாம நான் வெட்டினதே இல்ல."

முப்பத்தொரு வருஷம் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் நான். எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் பக்கம் புரட்டாமல் சொல்கிறவள். அந்தக் கல் தூசியில் வசனம் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டேன்.

நீயும் அதையேதான் கேட்டிருந்தாய். நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை எத்தனை தடவை கேட்டேனோ. சங்கீதத்தில் தேடினேன், ஏசாயாவில் தேடினேன், கிடைக்கவில்லை, உங்களுக்குத்தான் தெரியும், நம்பரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கக்கா என்று சொல்லியிருந்தாய். பாத்திரம் கழுவும்போது நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தால் அதைச் சொல்லித்தான் அடக்குகிறாயாம். அடக்கம் நடந்த அன்றிலிருந்து ஒரு நாள்கூட அழவில்லையாம். அங்கே உங்கள் சபையில் யாரோ ஒரு அம்மா அதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்களாம்.

டோரீன், அது வேதத்தில் இல்லை. எந்த அதிகாரத்திலும் இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது. நீ அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்து வேதத் தமிழாகவே ஆக்கிவிட்டாய். நான் சொன்னது அவ்வளவு அழகாகக்கூட இல்லை.

டென்சில் கூப்பிடுகிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை

சனிக்கிழமையே முடித்திருக்கலாம். டென்சில் கூப்பிட்டது காபிக்குத்தான். பயந்துகொண்டு எழுந்துவிட்டேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு, வேறு ஏதாவது நல்ல வசனமாகப் பார்த்துப் போட்டுவிடு, அவளிடம் எதையும் கிளறாதே, அதைப் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறாள் என்றார். நேற்று ஆராதனை முழுக்க அதே யோசனை. என் பாரம் இறங்குவதற்காக உன் தலையில் ஏற்றுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஆனால் நீ இரண்டு வருஷமாக அழவில்லை என்றாயே, அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

டிரேவரை அடக்கம் செய்த அந்தச் சனிக்கிழமை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. ஹெப்பகோடியில் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்த பிள்ளை லாரியில் அடிபட்டு இரண்டு நாள் கழித்து, அன்று மத்தியானம்தான் ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுத்தார்கள். கோயில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது ஐந்து ஆகிவிட்டது. கடைசியாகப் பார்க்கப் பெட்டியைத் திறந்தார்கள். நீ அதுவரை சிலை மாதிரி நின்றவள், குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, வகிடு மாறிப்போயிருக்கு. இவன் இந்தப் பக்கம் எடுக்க மாட்டான்" என்றாய். பையிலிருந்து அவனுடைய சின்னக் கறுப்புச் சீப்பை எடுத்தாய். பாதி முடியைச் சீவி அவன் எடுக்கிற பக்கம் கொண்டுவந்துவிட்டாய். போதகர் ஐயா அங்கி மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவர் அவசரப்படவில்லை. யாருமே அவசரப்படவில்லை. நான் உன் தோளைத் தொட்டேன். நீ என்னைப் பார்த்து, "ஒரு அஞ்சு நிமிஷம்க்கா" என்றாய்.

நான் சொன்னேன். "நித்தியம் முழுக்க அவனப் பாக்கப்போறே டோரீன். அஞ்சு நிமிஷம் எதுக்கு?"

சொல்லிவிட்டு உன் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டு, மூடச் சொல்லிக் கண் காட்டினேன். நான் சொன்னால் கேட்கிறவர்கள்தானே எல்லாரும். மூடிவிட்டார்கள்.

சுற்றி நின்ற பெண்கள் என்ன விசுவாசம் என்று பேசிக்கொண்டார்களாம். எனக்கு அப்போது விசுவாசமும் இல்லை ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு சந்தாபுராவிலிருந்து டெரிக் வீட்டார் மரியாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் தோளைத் தொட்ட கையில்தான் வாட்ச் கட்டியிருந்தேன். ஐந்து பத்து. சனிக்கிழமை டிராஃபிக்கில் எப்படி வீடு போய்ச் சேர்வது என்பதுதான் என் மனசில் ஓடியது.

ஒரு போன் பண்ணியிருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை இறந்துவிட்டான், அடுத்த வாரம் வாருங்கள் என்றால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன இடம். சாவுச் செய்தியைச் சொல்லித் தள்ளிப்போட்டால் கூடாத சகுனமாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன், என் லட்சணத்தைப் பார். என் பெண்ணுக்கு ஒரு வரன் கூடிவர, உன் பிள்ளையின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பறித்தேன். அதற்குச் சாக்காகப் பரலோகத்தை இழுத்தேன்.

தலைவலி என்று உன்னிடம் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பட்டுப் புடவை கட்டினேன். கேசரி கிண்டினேன். டெரிக்கின் அம்மா, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கினேன் என்றேன். நடுவில் கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினால் கையில் அந்தச் சீப்பு தட்டுப்பட்டது. அதில் அவன் முடி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பையை மூடிவிட்டு வந்து காபி கொடுத்தேன். அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மரியா கல்யாணத்தில் நீதான் அவளுக்குத் தலை வாரிப் பூ வைத்தாய். ஞாபகமிருக்கிறதா? நான் வேலை இருப்பதுபோல் அறையை விட்டு வெளியே போய்விட்டேன். எப்போது பெண் பார்த்தார்கள் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

நித்தியம் இல்லை என்று நான் எழுதவில்லை. அப்படி நினைத்துவிடாதே. டிரேவரை நீ காண்பாய், முழுசாகக் காண்பாய், கண்ணீரே இல்லாத இடத்தில் காண்பாய். அதை என் பிராணனைப் போல நம்புகிறேன். ஆனால் முன்பெல்லாம் அந்த நாளை நினைத்தால் சந்தோஷம் வரும். இப்போது பயம்தான் வருகிறது. வாசலிலேயே டிரேவர் நிற்பான், ஒரு பாதி வகிடு அந்தப் பக்கமும் ஒரு பாதி இந்தப் பக்கமுமாக. "என் சீப்பு எங்க ஆன்ட்டி?" என்று கேட்பான். சின்னப் பிள்ளையிலிருந்து அவனுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவள் நான், அவனுக்கு என்ன பதில் சொல்வேன்?

இன்னொன்றும் தோன்றுகிறது. பெத்தானியாவில் ஆண்டவர் தம் நண்பனின் கல்லறைக்குப் போனாரே, செத்தவன் கொஞ்ச நேரத்தில் எழுந்து வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். எழுப்பப்போகிறவரே அவர்தான். அப்படியும் அவர் அவனுடைய சகோதரிகளிடம் எதற்கு அழுகிறீர்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லவில்லை. நின்று, அவர்களோடு அழுதார். இதை எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கே புரியாமல்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கல்லில் அந்த வரியை வெட்ட வேண்டாம் என்று பெருமாள்சாமியிடம் காலையில் சொல்லிவிட்டேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். நீ வந்து சொல்கிற வரியை அவர் அங்கேயே வைத்து வெட்டிக் கொடுப்பாராம். உனக்கு அந்தப் பழைய வரியே வேண்டுமென்றாலும் அது உன் உரிமை. ஆனால் அது யார் வாயிலிருந்து, எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு முடிவு செய். நம்பர் மட்டும் கேட்காதே.

நவம்பர் பதினான்காம் தேதி ஏர்போர்ட்டுக்கு நான் வருவதா வேண்டாமா என்று ஜூலியாவிடம் சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றால் டென்சில் மட்டும் வருவார். நினைவு நாளன்று கல்லறைத் தோட்டத்துக்கு என்னையும் கூட வரவிட்டால், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். வாட்ச்மேன் மூடுகிற நேரம் என்று வந்தால் அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். வாட்ச் கட்டிக்கொண்டு வரமாட்டேன். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவனோடு உட்கார். அழ வேண்டுமென்றால் அழு. விசுவாசிகள் இப்படி அழுதால் சாட்சி கெட்டுப்போகும் என்று யாராவது வாயைத் திறந்தால், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சீப்பு என் வேதப் புத்தகப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்த இரண்டு முடியும் அதிலேயே இருக்கிறது. தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. உன் கையிலிருந்து வாங்கினதை உன் கையிலேயே கொடுக்கிறேன்.

அழுகிறவர்களைத் தேற்றுகிற தேவன் உன்னையும் ஜூலியாவையும் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்வாராக. உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், எனக்காக ஜெபிக்கச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் உடனே போனை எடுத்து பரவால்ல என்று சொல்லிவிடாதே, டோரீன். ஐந்து நிமிடமாவது என்மேல் கோபமாக இரு.

இப்படிக்கு,
அக்கா என்று நீ கூப்பிடுகிற
ஜோசஃபின்