என் சட்டைப் பையில் இருந்த பொட்டலம்

என் கிண்டலுக்கெல்லாம் முதல் ஆளாய்ச் சிரித்த மாமாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அக்கா உன் போட்டோவுக்குப் பூ வைக்கும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுகிறேன். அழுகையால் இல்லை, ஆத்திரத்தால். செத்தவரைத் திட்டக்கூடாதாம். திட்டத்தான் எழுதுகிறேன். "அஞ்சாவதோட இஸ்கூலுக்கு டாட்டா காட்னவனுக்கு லெட்டர் ஒரு கேடா மச்சான்?" என்பாய். கேடுதான், படி.

இதயத்தில் வால்வு மாற்றின பிறகு, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நீ ஒரு நாளும் விடவில்லை. ஆனால் இருபது வருஷம் கன்டெய்னர் யார்டில் குந்தி உட்கார்ந்து வெல்டிங் வைத்த முட்டி சும்மா விடுமா? தேரடியில் மைக் கட்டிய வேனில் மூட்டுவலிப் பொடி வாங்கி வந்தாய். பேர் இல்லை, ஊர் இல்லை, வெறும் பொட்டலம்.

"மூலிகைதான மச்சான், இன்னா பண்ணிடும்?"

ரெண்டாம் நாளே மாடிப்படி ஏறினாய். நானும் நம்பினேன். அப்புறம், வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகிறது என்றாய். "இன்னா மாமா, தார் ரோடு போட்டுகினு கீறியா?" என்றேன். சிரித்தாய். ரெண்டு முட்டாள்கள்.

அந்த வாரம் செக்கப். நமக்கு முன்னால் நின்ற அம்மா, கஷாயமும் குடிப்பதாக உண்மையைச் சொன்னார். அதற்கு டாக்டர் போட்ட சத்தம் ஞாபகம் இருக்கிறதா? "அப்போ அங்கேயே போம்மா, இங்க எதுக்கு வர்ற?" வரிசையே தலை குனிந்துகொண்டது. நீ பொட்டலத்தை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தாய். "கம்முனு இரு மச்சான்."

உன் முறை வந்தது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். சொல்லிவிடத்தான் பார்த்தாயா? நான் முந்திக்கொண்டேன். "எங்க அக்கா வைக்கிற ரசம் ஒண்ணுதான் சார். அத்த வுட கசப்பு மருந்து இன்னா கீது?"

நர்ஸ் சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார். நீதான் எல்லாருக்கும் முன்னால் சிரித்தாய். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

நாலாம் நாள் ரத்தமாக வாந்தி எடுத்தாய். அதோடு முடிந்தது.

காரியம் முடிந்ததும் பொட்டலத்தோடு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே காம்பவுண்டில், அந்த டாக்டருக்கு நாலு ரூம் தள்ளி, சித்தா பிரிவு இருக்கிறது மாமா! அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான் நாம் மாசாமாசம் டீ குடித்தோம். அங்கிருந்த டாக்டரம்மா பொடியை முகர்ந்து பார்த்தார். "இது எங்க மருந்தே இல்லப்பா. வலி மாத்திரைய இடிச்சுக் கலந்திருப்பாங்க. அவரு மாத்திரையோட சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும், அதான் கறுப்பாப் போகும். எங்கிட்ட வந்திருந்தா, அந்த டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டு, முட்டிக்குத் தைலம் குடுத்திருப்பேனே."

நாலு ரூம்! அந்த மனுஷன் கத்தின நேரத்தில் கையை நீட்டிக் காட்டியிருக்கலாமே? மைக்கில் கூவினவன் இன்றைக்கு எந்தத் தெருவில் விற்கிறான்? உனக்கு எதற்கு அந்தப் பயம்? எல்லாரையும் திட்டிவிட்டு வந்தால், கடைசியில் என் வாயில்தான் வந்து நிற்கிறது.

உனக்கு ஒரு சேதி. அக்காவுக்கு சுகர். மாத்திரையோடு, பக்கத்து வீட்டில் கொடுத்த ஏதோ சூரணமும் சாப்பிடுகிறாள். "டாக்டராண்ட சொல்லிடாதடா, கத்துவாரு" என்றாள். அதே டாக்டர்தான். செக்கப்புக்குக் கூட்டிப்போன அன்றைக்கு, சூரண டப்பாவைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தேன். கத்தினார்.

"கத்து சார், நல்லாக் கத்து. கத்திட்டு, இது அந்த மாத்திரையோட சேருமா சேராதா, அத்தச் சொல்லு. எங்க மாமா சேராததத் துன்னுதான் செத்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். பிறகு சீட்டு எழுதி, நாலு ரூம் தள்ளிக் கையைக் காட்டினார்.

இனி, வேற மருந்து சாப்பிடுறீங்களா என்கிற அந்தக் கேள்விக்கு நம் வீட்டில் யாரும் மறைத்துப் பதில் சொல்ல மாட்டோம். ஜோக்கும் அடிக்க மாட்டேன், உன்மேல் சத்தியம். இன்னொன்று மாமா: அக்கா வைக்கிற ரசம் நன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு நான் சொன்னதில் அதுவும் பொய்.

உன்னைச் சிரிக்க வைத்தே அனுப்பிவிட்ட
உன் மச்சான்