வியாழக்கிழமைக்கு நீ கேட்ட பேச்சு

கீழ்வேளூர்
தை 12

அன்பு மகன் தமிழரசனுக்கு,

உன் தந்தை எழுதுவது. உடலளவில் எனக்குக் குறையில்லை. முழங்கால் வலி மட்டும் பனியோடு வந்திருக்கிறது, பனியோடு போய்விடும். நீயும் மருமகள் கவிப்ரியாவும் பெயர்த்தி சுடர்விழியும் அந்தக் கனடாக் குளிரில் காய்ச்சலும் சளியுமின்றி இருக்கிறீர்கள் என்று ஒரு சொல் வந்தால் எனக்கு அதுவே மருந்து. பொங்கல் கழிந்து மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் நம் ஒன்பது மா நிலத்துச் சம்பாவும் சாய்ந்துவிட்டது. கதிர் நீரில் கிடந்து முளைவிடத் தொடங்கியது. சேற்றில் இறங்கும் பெல்ட் அறுவடை வண்டிக்காக நான்கு நாள் அலைந்து, ஒருவாறு அறுத்தாயிற்று. அறுக்க வந்தவர் யாரென்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். சென்ற ஞாயிறு நீ என்னிடம் கேட்டது இக்கடிதத்தில் ஏன் இல்லை என்பதற்கு அவரே காரணம்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா பார். சுடர்விழியின் வகுப்பில் வேற்று நாட்டிலிருந்து புதிதாய் வந்து சேர்ந்த சிறுமி ஒருத்திக்கு ஆங்கிலம் இன்னும் பழகவில்லை. அவள் தட்டுத்தடுமாறிப் பேசுவதைச் சுடரும் தோழியர் இருவரும் கைப்பேசியில் பதிந்து, உணவு வேளையில் எல்லார்க்கும் போட்டுக்காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிறுமி எட்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வரும் வியாழக்கிழமை இரு வீட்டாரையும் பள்ளியில் அழைத்திருக்கிறார்கள். “புள்ளைங்க வெளையாட்டை இவ்வளவு பெருசு பண்றாங்கப்பா. ஒரு பத்து நிமிஷம் பேசுற மாதிரி நீங்க எழுதிக் குடுங்க, நான் இங்கிலீஷ்ல மாத்திக்கிறேன்” என்றாய். அழைப்பைத் துண்டிக்குமுன், “எங்கேருந்துதான் இவளுக்கு இந்தப் பழக்கம் வந்துச்சோ, நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையே” என்றும் சொன்னாய். ஈராண்டாக என்னிடம் யாரும் ஒரு பேச்சுக் கேட்டதில்லை, தமிழரசு. பொங்கல் விழாவுக்கு இம்முறை ஒரத்தநாட்டிலிருந்து ஓர் இளைஞரைப் பேச அழைத்தார்கள். எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டு, துண்டு போர்த்தி உட்கார வைத்தார்கள். தேநீர்க் கடையில் நான் நுழைந்தாலே, வழக்கமாய் அங்கே இருக்கும் காதர் மைதீன், “ஐயா பேச ஆரம்பிச்சிட்டாருன்னா நாகப்பட்டினம் பஸ் போயிரும், கெளம்புங்கப்பா” என்று கேலி சொல்கிறார். எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறார்கள். ஆறிய தேநீரோடு நான் இருக்கிறேன். உன் அம்மா போன இந்த மூன்றாண்டில் வீட்டில் என் பேச்சுக்கு மறுசொல் சொல்ல ஆளில்லை. அதனால் நீ கேட்டதும் உள்ளம் துள்ளிற்று. மறுநாளே ஏழு பக்கம் எழுதி முடித்தேன். நல்ல பேச்சு, கேட்ட எவரும் உன் பக்கம் சாய்ந்திருப்பார்கள். நேற்று அதைக் கிழித்துவிட்டேன்.

அறுவடை வண்டியோடு வந்தவர் ரெத்தினம். ஒன்பதாம் வகுப்பில் உன்னோடு படித்த ரெத்தினம்தான். ஆற்று மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்த இளையபெருமாளின் மகன். இப்போது இரண்டு வண்டிகளுக்கு உரிமையாளர். வரப்பில் நின்று ஓட்டுநரிடம் பேசிக்கொண்டிருந்தார். திக்கினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார், ஓட்டுநரும் காத்திருந்து கேட்டுக்கொண்டார். நான் அருகே போனதும் பேச்சை நிறுத்திவிட்டார். கைப்பேசியில் எழுத்துகளைத் தட்டி, திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “தெக்கு மூலையில தண்ணிய வடிய விட்டாத்தான் வண்டி எறங்கும். மம்பட்டி குடுங்க” என்றிருந்தது. பகல் முழுதும் நான் பேசினேன், அவர் தட்டிக் காட்டினார். நாற்பது அகவையைத் தொட்ட மனிதர், ஊரில் எல்லாரோடும் பேசுகிறவர், என்னிடம் மட்டும் வாய் திறக்கவில்லை.

நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆயினும் முழுமையாக எழுதுகிறேன். சுடர்விழிக்கு நீ இதைப் படித்துக்காட்ட வேண்டும். காலையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் அழைக்கையில் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல ரெத்தினத்துக்கு நேரம் பிடிக்கும். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வெளிவருமுன் நீ பின் இருக்கையிலிருந்து அவனைப் போலவே அதைச் சொல்லிக்காட்டுவாய். வகுப்பே சிரிக்கும், ஆசிரியரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். சில நாளில் அவன் மறுமொழி சொல்வதையே நிறுத்தினான். கண்முன்னே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்று பதினேழு நாள் குறி விழுந்தது. தலைமையாசிரியர் தகப்பன்மார் எங்கள் இருவரையும் அழைத்தார். இளையபெருமாள் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். மாந்தர் யாவரும் ஒன்றென்று ஊர் ஊராய் முழங்கிய நான் நாற்காலியில் இருந்தேன். அவரை உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. “வேற ஒண்ணும் வேணாங்கய்யா. எம்புள்ள பேரக் கூப்புடுறப்ப மட்டும் சிரிக்காம இருந்தாப் போதுங்க” என்றார் அவர். அவ்வளவே அவர் கேட்டது. அதற்கு நான் அரைமணி நேரம் பேசினேன். இளமையின் துள்ளலைக் குற்றமென்று கூண்டிலேற்றலாகுமா என்றேன். சிறு கேலியைத் தாங்காத நெஞ்சு இந்தப் பேருலகை எங்ஙனம் தாங்கும் என்று முடித்தேன். வாயிலில் கூடி நின்ற ஆசிரியர்களில் ஒருவர் கைதட்டினார். இளையபெருமாள் என்னைக் கும்பிட்டு, “நீங்க சொன்னா சரியாத்தாங்கய்யா இருக்கும்” என்று மகனின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அதன்பின் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. வீடு திரும்பும் வழியில் நீ என்னைப் பெருமிதத்தோடு பார்த்தாய். அந்தப் பார்வையை நான் நெடுநாள் விரும்பி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் ஏன் உடன்படிக்கும் பிள்ளையை இப்படி வதைக்கிறார்கள் என்று எவராவது மேடையில் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். உலகத்துக் காரணமெல்லாம் அடுக்குவேன். எல்லார் வீட்டுக் கதையும் எனக்குத் தெரியாது. நம் வீட்டுக் கதை தெரியும். அந்த ஆண்டு ஆடியில் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நானே தலைமை. நீ மனப்பாடம் செய்தது நான்காம் வரியோடு நின்றுவிட்டது. நீ ஒலிவாங்கியைப் பிடித்தபடி நிற்க, நான் இன்னொன்றை வாங்கி, “ஊரெங்கும் ஒளி இருக்க, எம் வீட்டு ஒலிபெருக்கிக்கு மட்டும் மின்வெட்டு!” என்றேன். அரங்கம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு என் செவிக்கு இனித்தது, அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அம்சம், “ஊரே சிரிக்கிறப்ப புள்ளையும் சேந்து சிரிச்சான், பாத்தீங்களா? அழுதிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயமா இருந்திருக்காது” என்றாள். நகைச்சுவை அறியாதவள் என்று அவள் வாயையும் அடைத்தேன். அடுத்த மாதம் நீ ரெத்தினத்தைச் சொல்லிக்காட்டத் தொடங்கினாய். எல்லார் நடுவிலும் நா எழாமல் நிற்பது எப்படி இருக்குமென்று அந்த வகுப்பில் அவனுக்கு அடுத்தபடி அறிந்தவன் நீதான். அதனாலேயே, சிரிப்பு உன் பக்கம் திரும்பிவிடாதபடி நாள்தோறும் அவன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாய். உடன் சிரித்த பிள்ளைகளுக்கும் அதே அச்சம் இருந்திருக்கும்.

நேற்று வண்டி கரையேறும் நேரத்தில் ரெத்தினத்திடம் போனேன். அடுக்கடுக்காய்ச் சொற்களைக் கட்டிக்கொண்டுதான் போனேன். அவர் முன்னே நின்றதும் ஒன்றும் வரவில்லை. “அன்னைக்கு நான் பேசுனது தப்பு” என்று மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் கதிர்த்தாளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு வாய் திறந்து பேசினார். எப்படிப் பேசினார் என்பதை எழுத்தில் காட்ட மாட்டேன், காட்டினால் அதுவும் கேலியாகிவிடும். சொன்னது இது: “எங்கப்பா சாவுற வரைக்கும் ஒங்க பேச்சத்தாங்க சொல்லிக்கிட்டிருந்தாரு. அது மாரி ஒருத்தரும் பேச முடியாதுன்னுவாரு.” அவ்வளவுதான். அதில் மன்னிப்பு இல்லை, வசையும் இல்லை. அந்த இரண்டு வரி முடியும்வரை நான் குறுக்கே பேசாமல் நின்றேன். என் வாழ்நாளில் ஒருவரை அப்படி முழுமையாகக் கேட்டது அதுவே முதன்முறை என்று தோன்றுகிறது. அவர் வண்டியேறிப் போய்விட்டார். வயலில் நானும் கொக்குகளும் மட்டும் இருந்தோம்.

ஆகவே, மகனே, வியாழக்கிழமை நீ வாதாடாதே. அந்தச் சிறுமியின் தாய்க்கும் ஆங்கிலம் தடுமாறக்கூடும். அவர் எத்தனை நேரம் எடுத்தாலும் சொல்லி முடிக்கட்டும். நீ உதவுவதாய் எண்ணி இடையில் சொல்லெடுத்துக் கொடுக்காதே. சுடரை அடிக்காதே, உரை நிகழ்த்தாதே. ஐப்பசியில் காணொளி அழைப்பில் அவள் என்னோடு பேசியது நினைவிருக்கிறதா? அவள் தமிழ் ழகரத்தில் வழுக்கியது. நீ சிரித்தாய், நான் உரக்கச் சிரித்தேன், உறவினரெல்லாம் சூழ்ந்திருக்க மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றோடு அவள் என்னிடம் பேசுவதில்லை. தேர்வுக்குப் படிக்கிறாள் என்று நீ சொன்னாய், நானும் நம்பிக்கொண்டேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாயே, அதற்கு மறுமொழி இதுதான்.

அஞ்சல் போய்ச் சேருமுன் வியாழன் வந்துவிடும். ஆதலால் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறேன். மூவரும் நோயின்றி நீடு வாழ்க, உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அஞ்சாமல் பேசும் நாள்கள் பெருகுக. மறவாதே: ரெத்தினத்தின் எண்ணைத் தனியே அனுப்பியிருக்கிறேன். அழைக்க வேண்டாம், எழுது. மறுமொழி வராவிட்டாலும் எழுது. மாலை ஆறு மணிக்குமேல் நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன் என்று சுடரிடம் சொல். தமிழோ ஆங்கிலமோ, வாயில் வந்ததை அவள் பேசட்டும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், அவள் முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

உன் அப்பா,
புகழேந்தி